கரியக்காவின் ‘ஆறட்டும்’ சீட்டு

கரியக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கடிகாரம் பழுதுபார்க்கிற எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவருடைய விரல்களைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, கரி அடுப்பைக் கையாலேயே துடைச்சீங்களா?” என்று கேட்டேன். “இல்ல தம்பி, நாலு பேர் நெஞ்சுக்குள்ள போக வேண்டியதை வெளியில எடுத்து வச்சிருக்கேன்,” என்றார். அன்றிலிருந்து கரியக்கா என்றே கூப்பிட்டேன். பெயர் ஒட்டிக்கொண்டது. முதலாளியம்மா முதற்கொண்டு எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கடையின் முன்பக்கம் பூராவும் கண்ணாடி அலமாரிகள். புகையிலை டப்பா, லைட்டர், பேனா, கைக்கடிகாரம் என்று பளபளவென்று இருக்கும். பின்பக்கத்து அறைக்கு அந்தப் பளபளப்பு எட்டாது. ஒரே ஜன்னல், ஒரு கைகழுவும் தொட்டி, இரண்டு மேஜைகள். ஒன்றில் நான், ஒன்றில் அக்கா. அவர் வேலை, புகை பிடிக்கிற பைப்புகளைச் சுத்தம் செய்வது.

இதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். மரத்தில் குடைந்த சின்னக் கிண்ணம், அதிலிருந்து ஒரு தண்டு, தண்டின் முனையில் வாயில் கவ்வுகிற துண்டு. அவ்வளவுதானே! ஆனால் புகையிலை எரிய எரிய, கிண்ணத்தின் உள்சுவரில் கரி படிந்துகொண்டே வரும். அந்தக் கரி கொஞ்சம் இருக்க வேண்டும், அதிகம் இருக்கக் கூடாது. கொஞ்சம்கூட இல்லையென்றால் நெருப்பு நேராக மரத்தைத் தின்னும். அதிகமாகிவிட்டால், சூட்டில் கரி உப்பி மரத்தைப் பிளந்துவிடும். ஒரு நாணயத்தின் கனத்துக்கு விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்க வேண்டும். அந்த நாணயக் கனத்தில்தான் அக்காவின் பிழைப்பே இருந்தது.

பைப் வந்தவுடன் அதைத் தொட மாட்டார். ஒரு சீட்டில் ‘ஆறட்டும்’ என்று எழுதி, நூலில் கட்டி, ஆணியில் மாட்டிவிடுவார். ஒரு முழு நாள் அது ஆற வேண்டும். சூட்டோடு தண்டைத் திருகினால் உள்ளே முறியும் என்பார். மறுநாள் ஜன்னலைத் திறந்து, மூக்கில் துணி கட்டி, மடியில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்வார். சின்னச் சுரண்டியில் ஆரம்பித்து ஒவ்வொரு அளவாகப் பெரிதுக்குப் போவார். சுரண்டியை அழுத்தாமல் இடது கையால் மெதுவாகச் சுற்றுவார். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பொடியைக் கொட்டிவிட்டு, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுவார். ஊதவே மாட்டார். ஊதினால் கரித்தூள் முகத்துக்குத்தான் வரும். கடைசியில் ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி ஒரு தேய்ப்பு. தண்டுக்குள் பஞ்சு சுற்றிய கம்பியைச் சாராயத்தில் நனைத்து விடுவார். அதுவும் குடிக்கிற சாராயம்தான். என் மேஜையில் இருக்கிற எரிசாராயத்தைக் காட்டி, “இது போதாதாக்கா?” என்றால், “வாயில வைக்கிற சாமானுக்கு விஷத்தை ஊத்தச் சொல்றியா?” என்று ஒரு முறை முறைப்பார். அவருடைய பாட்டில் திறந்திருக்கும்போது நான் விளக்கைப் பற்றவைக்கக் கூடாது. இதற்காக மட்டும் நாங்கள் நூறு சண்டை போட்டிருப்போம்.

ஒன்று கவனித்தேன். சுண்டுவிரலை உள்ளே விட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். “கண்ணு பொய் சொல்லும் தம்பி. கறுப்புக்குள்ள கறுப்பைப் பார்த்து என்ன தெரியும்? விரலுக்குத் தெரியும்.” பத்தொன்பது வருஷத்தில் அவர் கைபட்டு ஒரு பைப் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முன்பக்கத்தில் நின்று வியாபாரம் பார்த்தவர் அவருடைய வீட்டுக்காரர். அவருக்கும் நான்தான் பெயர் வைத்தேன். ‘இதோ அண்ணன்’. எது கேட்டாலும் “இதோ ஆச்சு சார்,” “இதோ ரெண்டு நிமிஷம்மா,” என்பார். இல்லை, முடியாது, நாளைக்கு வாருங்கள் என்கிற வார்த்தைகள் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்கவே வருவார்கள். அக்காவின் ‘ஆறட்டும்’ சீட்டை எடுத்துக் காட்டி, “எங்க வீட்லயும் இதேதான் சார். நான் என்ன கேட்டாலும் ஆறட்டும்!” என்று சிரிப்பு மூட்டுவார். அக்கா உள்ளிருந்து கேட்டுக்கொண்டே தானும் சிரிப்பார். பொருத்தமான ஜோடி என்று நான் நினைத்திருந்தேன். என் கணிப்பைக் கொண்டுபோய் உடைப்பில்தான் போட வேண்டும்.

இதோ அண்ணனும் பைப் பிடிப்பவர்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வீட்டு ஜன்னலோரம் அக்காவின் முன்னால் அதை வைத்துவிடுவார். அக்கா சுரண்டிக் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற பழக்கம் அது.

அந்த வருஷம் அக்காவின் வலது கண்ணில் புரை விழுந்தது. எனக்கு அப்போது தெரியாது. யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். “வெளியில தெரிஞ்சா என்னை மேஜையிலேர்ந்து எழுப்பிடுவாங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் உங்க வாயைத் திறக்காதீங்க,” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இதோ அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வரவில்லை. தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாக இதோ அண்ணன் சொன்னார். உண்மையில் போனது கண் டாக்டரிடம். முந்தின நாள் வந்த ஒரு பைப் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருடையது. கப்பல்காரர் என்று கூப்பிடுவோம். கடைசிக் கப்பலை விட்டு அவர் இறங்கிய நாளில், கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பைப் அது. அதை அவர் மேஜையில் வைக்கும்போதே இரண்டு கையாலும்தான் வைப்பார். பயணம் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது, பைப் இப்போதே வேண்டும் என்று மத்தியானம் வந்து நின்றார்.

“இதோ ரெண்டு நிமிஷம் சார்,” என்றார் அண்ணன்.

உள்ளே வந்து, ஆணியிலிருந்து பைப்பை எடுத்து, சீட்டைப் பிய்த்துக் குப்பையில் போட்டார். முன்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. சுரண்டி சுற்றுகிற சத்தம் எனக்கு மனப்பாடம். இது அதில்லை. கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினேன். நமக்கு எதற்கு என்று மறுபடியும் குனிந்துகொண்டேன். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கப்பல்காரர் திரும்பி வந்தார். வாசலிலேயே குரல் உயர்ந்திருந்தது. கண்ணாடி மேஜையில் அவர் வைத்த பைப்பின் பக்கச்சுவரில் ஒரு பட்டாணி அளவுக்கு ஓட்டை. நெருப்பு மரத்தைத் தின்று வெளியே வந்திருந்தது.

“யார் இதுல கை வச்சது?”

கடையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். முதலாளியம்மாவும் இருந்தார். நானும் அக்காவும் உள்ளே. நடுக்கதவு திறந்தே கிடந்தது.

இதோ அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். துக்கம் விசாரிக்கிற குரல். “மன்னிச்சிடுங்க சார். என் வீட்டுக்காரிதான் பண்ணினா. அவளைக் கோவிச்சுக்காதீங்க. அவளுக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு சார். பார்வை மங்கிக்கிட்டே வருது. வெளியில சொல்லாம வேலை பார்த்துக்கிட்டிருக்கா, பாவம்.”

அக்காவின் கையில் இருந்த சுரண்டி பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. மடியிலிருந்த துண்டைக் கவனமாக மடித்து, கரித்தூள் சிந்தாமல் மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

நானும் பின்னாலேயே வர, முன்பக்கம் போய் நின்று சொன்னார். “நான் இதைத் தொடவே இல்ல.”

“மறந்திருப்பேம்மா,” என்றார் அண்ணன், அதே இனிப்போடு. “மனசு சரியில்லேன்னா இப்படித்தான் மறக்கும். விடு, சார் பெரியவர், புரிஞ்சிப்பார்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்கிறவர்கள் கொஞ்சமாவது தடுமாற வேண்டாமா? இந்த ஆள் கட்டிய மனைவியின் முகத்தில் நாலு பேர் முன்னால் கரியைப் பூசிவிட்டு, துடைத்துவிடுகிற மாதிரி முதுகை வேறு தட்டிக்கொடுத்தார்.

அக்கா பைப்பை எடுத்தார். கண்ணை மூடி, சுண்டுவிரலை உள்ளே விட்டார். ஒரு சுற்று தடவினார். இன்னொரு சுற்று.

“சார்,” என்றார் கப்பல்காரரைப் பார்த்து. “சுரண்டி சுத்திச் சுத்தி வரும். கோடு விழுந்தாலும் வட்டமாத்தான் விழும். இதுல மேலேர்ந்து கீழே இழுத்திருக்கு. கரி ஒரு பொட்டுகூட இல்லாம மரம் வரைக்கும் போயிருக்கு. இது கத்தி சார். அதுவும் பல் விழுந்த கத்தி. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல நூல் மாதிரி ஒரு மேடு நிக்குது. அந்த எடத்துல அலகு இல்ல.”

பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, பார்சல் நூல் அறுக்கிற கத்தியைக் கொண்டா. தொட்டியில சோப்பு இருக்கும், அதையும் எடுத்துட்டு வா.”

கத்தி அண்ணனின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் எட்டி எடுத்து, சோப்பையும் கொண்டுவந்தேன். அக்கா சோப்பின் மேல் கத்தியின் நுனிப்பக்கத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். அகலமான பள்ளம், நடுவில் நூல் மாதிரி ஒரு மேடு. சோப்பைக் கப்பல்காரரிடம் நீட்டினார். “கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க. அப்புறம் பைப்புக்குள்ள தடவிப் பாருங்க.”

அவர் அப்படியே செய்தார். ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்து, “அதேதான்,” என்றார்.

“அன்னிக்குக் கத்தி சத்தம் நானும் கேட்டேன்,” என்றேன் நான். அக்கா அன்றைக்குக் கடையிலேயே இல்லை என்பதையும் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்த வீரம் அது.

இதோ அண்ணன் தரையைப் பார்த்தார். “சார் அவசரமா நின்னார்... நான் என்ன பண்றது...” என்று இழுத்தார். முதல் தடவையாக அவர் வாயில் இதோ வரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் அக்கா ஜெயித்தார் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கப்பல்காரர் அக்காவிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, “கண்ணு... அது உண்மையாம்மா?” என்றார்.

கடை முழுக்க அக்காவையே பார்த்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

“உண்மைதான் சார்,” என்றார் அக்கா.

மறுநாள் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டுப் பேசினார். கெட்டவர் இல்லை அவர். “உன் மேல ஒரு தப்பும் இல்ல கரியக்கா. எனக்குத் தெரியும். ஆனா காலையிலேர்ந்து மூணு பேர் கேட்டுட்டாங்க, கண்ணு தெரியாதவங்க கையில குடுக்கிறீங்களான்னு. கொஞ்ச நாளைக்கு நீ முன்னாடி உட்காரு. டப்பா எடுத்துக் குடு, பார்சல் கட்டு. பைப்பை வெளியில குடுத்துச் செஞ்சுக்கலாம்.”

இதோ அண்ணனுக்கு ஒரு திட்டு விழுந்தது. வேலை அப்படியே இருந்தது. அவரை அனுப்பினால் பாதி வியாபாரம் போய்விடுமே! என் கதையைக் கேளுங்கள். பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் என் இரண்டு கண்ணும் செல்லாக்காசு. என்னை யாரும் மேஜையிலிருந்து எழுப்பவில்லை. விரலால் வேலை செய்கிறவரைக் கண்ணுக்காக எழுப்பினார்கள்.

அக்கா பார்சல் கட்ட ஒப்புக்கொள்ளவில்லை. சுரண்டிகளைத் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் நிற்கிற இடம் வரை நான் கூடப் போனேன். ஆறுதலாக எதையோ உளறிக்கொண்டு நடந்தேன். அவர் நின்றார்.

“பொய் சொன்னாரே, அதுகூடப் போகட்டும் தம்பி. மாட்டிக்கிட்டா ஆம்பளைங்க பொய்தான் சொல்வாங்க. ஆனா பொய் நிக்கணும்னு முட்டுக்கு என் கண்ணை எடுத்து வச்சார் பாரு. அதை அவர்கிட்ட மட்டும்தானே சொன்னேன்? பயமா இருக்குன்னு அழுதுகிட்டே சொன்னேன்டா.” அழுகை வந்துவிட்டது. “பொய்யை நான் உடைச்சுட்டேன். உண்மையை என்ன பண்ணுவேன்?”

பஸ் வந்தது, ஏறிப் போனார்.

இரண்டு மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. பார்வை நன்றாகத் திரும்பியது. பழைய வாடிக்கையாளர்கள் சிலர், அக்கா செய்து தருவாரா என்று என்னிடம் காதோடு கேட்டார்கள். வெளியில் கொடுத்துச் செய்தது யாருக்கும் பிடிக்கவில்லை. நான் வாரத்துக்கு இரண்டு மூன்று பைப்புகளை அக்காவின் வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன். சமையலறை ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை, சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் சீட்டுகள். கப்பல்காரர் புதிதாக வாங்கிய பைப்பும் அங்கேதான் வந்தது. முதலாளியம்மா ஒருநாள் நேரிலேயே வந்து திரும்பக் கூப்பிட்டார். “ஆறட்டும்மா, பார்க்கலாம்,” என்று அக்கா டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

புருஷனும் மனைவியும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா சமைப்பார், பரிமாறுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். புருஷனுடைய பைப்பை மட்டும் தொட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் இதோ அண்ணன் வழக்கம்போல அதை ஜன்னலோரம் வைப்பார். சாயந்திரம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். ஊரார் பைப்பெல்லாம் சுத்தமாகி வரிசையில் நிற்க, அது மட்டும் ஓரமாகக் கிடக்கும். எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

“கோவம்யா,” என்று என்னிடம் சொல்வார். “அவ சொல்ற மாதிரியே ஆறட்டும்னு விட்டிருக்கேன். ஆறிடும்.” மன்னிப்புக் கேட்டீர்களா என்று நான் ஒரு தடவை கேட்டேன். “புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னய்யா மன்னிப்பு? நல்லதுக்குத்தானே சொன்னேன். அதனாலதானே ஆபரேஷன் சீக்கிரம் நடந்துச்சு?” என்றார். நான் கடிகாரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். தானே சுரண்டிக்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை. வேறு கையில் கொடுக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பிடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு மத்தியானம், கடை நிறைய ஆட்கள். முன்பக்கம் டப்பென்று ஒரு சத்தம். எழுந்து ஓடினேன். இந்தத் தடவையாவது ஓடினேன். இதோ அண்ணன் சட்டையில் நெருப்புப் பொறியைத் தட்டிக்கொண்டு நின்றார். கையில் பைப். கிண்ணம் விளிம்பிலிருந்து அடி வரைக்கும் பிளந்திருந்தது. பிளவுக்குள் கரி திட்டுத்திட்டாகத் தெரிந்தது. பாதி வழியை அதுவே அடைத்திருந்தது.

சாயந்திரம் என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தனியாகப் போய் நிற்கப் பயம். அக்கா ஜன்னலோரம் வேலையில் இருந்தார். மூக்குத்துணியை இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“உடைஞ்சிடுச்சும்மா,” என்றார் அண்ணன்.

அக்கா அதை வாங்கினார். இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. இருந்தாலும் மூடிக்கொண்டார். சுண்டுவிரலை வைத்தார். நுனிக்கு மேல் உள்ளே போகவில்லை.

“நீ பார்த்திருந்தா உடைஞ்சிருக்காதுல்ல?”

“உடைஞ்சிருக்காது.”

“அப்ப ஏம்மா பார்க்கல? இத்தனை நாளா முன்னாடி கொண்டாந்து வச்சேனே!”

அக்கா கண்ணைத் திறந்து அவரை நேராகப் பார்த்தார். பைப்பை அவர் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மடக்கி மூடினார்.

“நாளைக்குக் கடையில கேட்பாங்க. இதையும் நான் தொடலைங்க. இந்தத் தடவையாவது மாத்திச் சொல்லாதீங்க.”